இரண்டு ஷேடு மேலே

முப்பத்தைந்து நிமிடம். தலையைத் தொடக்கூடாது, பின்னால் சாயக்கூடாது, நெற்றியில் வழிந்தால் துடைக்கக்கூடாது, கூப்பிட்டால் போதும் என்று விதிகளைச் சொல்லிவிட்டு ஜான்சன் கையுறையை உருவிப் போட்டு டீ குடிக்கப் போய்விட்டான். வைத்தியலிங்கம் கண்ணாடியைப் பார்த்தார். கழுத்துவரை கறுப்புத் துணி, அதற்கு மேல் ஒரு முகம், முகத்துக்கு மேல் தார். சாலையில் புதிதாகத் தார் போட்டால் யாரும் மிதிக்காமலிருக்கத் தடுப்புக் கட்டை வைப்பார்களே, அதுபோல் இரண்டு காதுகளுக்கும் பிளாஸ்டிக் உறை. ஐம்பத்தேழு வயது, முத்திரை ஆய்வாளர், திருச்சியில் பாதிக் கடைகளின் தராசு இவர் ஜீப்பைப் பார்த்தால் தானாக நேராகிவிடும். இங்கே மூக்கு அரித்தால் சொறிந்துகொள்ள அனுமதியில்லை. மூக்கு அரித்தது. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அழகு நிலையத்தின் பெண்கள் பகுதி. அங்கே ஜான்சனின் மனைவி மெர்லின் இவருடைய மகள் எழிலிக்கு மணப்பெண் அலங்காரத்தின் வெள்ளோட்டம் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு இன்னும் பதினோரு நாள். தேருக்குத்தான் வெள்ளோட்டம் விடுவார்கள் என்று இதுவரை நினைத்திருந்தார். தடுப்புக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி, அதில் எழிலியின் பாதங்கள் தெரிந்தன. செருப்புப் பட்டையின் அடையாளம் இரண்டு பட்டையாக வெளுத்து, மற்ற இடமெல்லாம் வெயிலில் கறுத்த பாதங்கள். லால்குடிப் பக்கம் மாட்டு டாக்டர். வயலும் வரப்புமாக நடக்கிற கால். அவளுடைய குரல்தான் இவரை இந்த நாற்காலியில் ஆணி அடித்து உட்கார்த்தி வைத்திருந்தது. தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருக்கும்போதே கேட்டது. “எதுக்குக்கா ஃபோட்டோ? மூஞ்சியே இங்க இருக்கே.” “இல்லம்மா, உங்கம்மா வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்காங்க. மாப்பிள்ளை வீட்ல இந்த மாதிரி கேக்கறாங்களாம். இதுக்கு ரெண்டு ஷேடு மேல போகணும்.” “போக வேணாம். என் கலருக்குப் போடுங்க.” “நான் எப்படிம்மா முடிவு பண்ணுவேன்? பெரியவங்க சொல்லணும்ல.” “அப்ப எங்கப்பாவைக் கேளுங்க. அந்தப் பக்கம்தானே உக்காந்திருக்காரு. வேணாம்னுதான் சொல்வாரு, பாருங்க. ஒரு கிராம் கூடக் குறையச் சம்மதிக்க மாட்டாரு அந்த மனுஷன்.” “சரி, அவருக்குச் சாயம் ஊறட்டும், தலை கழுவினதும் வந்து பாக்கட்டும். அதுவரைக்கும் உன் கன்னத்துல இப்படி ஒண்ணு, அப்படி ஒண்ணு போட்டு வைக்கறேன்.” எழிலி சிரித்தாள். அப்பா என்ன சொல்வார் என்பதில் சந்தேகமே இல்லாதவர்கள் சிரிக்கிற சிரிப்பு.

ஆகவே முப்பத்தைந்து நிமிடம். அதில் இரண்டு போயிருக்கும். ஃபோட்டோ மாதிரியே செய்துவிடுவதாக அவர் ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டார் என்பது அவளுக்குத் தெரியாது. போன வாரம், செவ்வாய்க்கிழமை, அலுவலகத்தில், கரூரிலிருந்து விசாலாட்சி அம்மாள் ஃபோன் செய்தபோது கொடுத்த வாக்கு. மாப்பிள்ளை நிரஞ்சனின் அம்மா. குரலில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். “அண்ணா, ஒண்ணும் தப்பா எடுத்துக்காதீங்க. எங்க சனத்துக்கெல்லாம் அந்த ஃபோட்டோவைத்தான் அனுப்பிச்சிருக்கறோம். நானூறு பேரு பாத்தாச்சு. மேடையில பாப்பா அதே மாதிரி இருந்துட்டாப் போதுமுங்க. வேற எதுவும் நாங்க கேக்கலையே.” இவர் என்ன சொன்னார்? “ஆகட்டும்மா, அதுக்கென்ன, செஞ்சிடலாம்.” சொல்ல நான்கு விநாடிகூட ஆகவில்லை. முப்பத்தோரு வருஷ சர்வீஸில் ஒரு வியாபாரியிடம் அவர் அப்படிச் சொன்னதில்லை. வேற எதுவும் கேக்கலையே. ஆமாம், கேட்கவில்லை. நகை கேட்கவில்லை, கார் கேட்கவில்லை. முகத்தை மட்டும் கேட்டார்கள். எவ்வளவு பெரிய மனசு. இப்போது நினைத்தால் காது மடல் சுடுகிறது, உறைக்குள்ளேயே சுடுகிறது. ஒரு கடைக்காரனின் எடைக்கல் சரியா என்று பார்க்க இவர் தன் பெட்டியிலிருக்கும் கல்லோடு ஒப்பிடுவார். இவர் பெட்டிக் கல்லை மேலே இருக்கும் ஆய்வகத்தின் கல்லோடு ஒப்பிடுவார்கள். அந்தக் கல்லை இன்னும் மேலே. கடைசியில் எங்கோ ஒரு கல் இருக்கிறது, அதை எதனோடும் ஒப்பிட மாட்டார்கள், அதுதான் மூலம், மற்றதெல்லாம் அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியவை. இந்த ஏற்பாட்டில் அவருக்கு ஒரு பக்தியே உண்டு. இப்போது என்ன ஆகிவிட்டது? ஃபோட்டோ மூலம். பெண் அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வந்த எடைக்கல். இரண்டு ஷேடு குறைகிறது. பறிமுதல் செய்யாமல் விட வேண்டுமானால் ஏற்றிக் கொடு. அறுபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு ஏற்றிக் கொடுக்கிறாள் மெர்லின். அந்தப் பேக்கேஜில் மணப்பெண்ணின் தகப்பனுக்கு ஹேர் கலர் இலவசம். இலவசம் என்று எழுதியிருந்தால் எடையைப் பார் என்று இளம் ஆய்வாளர்களுக்கு வகுப்பெடுத்தவர், இலவசத்தைத் தலையில் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கண்ணாடிக்குக் கீழே அலமாரியில் டப்பாக்கள் வரிசையாக நின்றன. தொழில் புத்தி சும்மா இருக்குமா, கண் தானாகவே நிகர எடையைத் தேடியது. பதினைந்து கிராம், ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய். கிலோ எழுபத்தாறாயிரம். முந்திரிப்பருப்புக்கு ஐம்பது ரூபாய் ஏறினால் அரசாங்கத்தைத் திட்டுகிற ஜனங்கள், முகத்தில் தடவிக் கழுவிவிடுகிற பசைக்குக் கிலோ எழுபத்தாறாயிரம் கொடுத்துவிட்டுப் பையை வாங்கிக்கொண்டு நன்றி சொல்கிறார்கள். டப்பா உயரம் மூன்று அங்குலம். உள்ளே அடி கால்வாசியில் தொடங்கும். அதற்குக் கீழே வெறும் காற்று. காந்தி மார்க்கெட்டில் படிக்குள் மெழுகு ஒட்டி அடியை உயர்த்தியிருந்த ஒரு பயறு வியாபாரிமேல் வழக்குப் போட்டிருக்கிறார். அவன் காலில் விழுந்தான். இந்த டப்பாக்காரனுக்குக் காலே கிடையாது, எங்கே இருக்கிறான் என்றே தெரியாது. சட்டம் எழுத்தின் உயரத்தைக் கேட்கும், எடையைக் கேட்கும், விலையைக் கேட்கும். ‘ஏழே நாளில் ஒளிரும்’ என்று போட்டிருக்கிறதே, அந்த ஒளியை எந்தத் தராசில் வைப்பது? ஒளிரும் என்றால் என்ன, மின்மினியா? வெளுக்கும் என்று சொல்லத் தைரியம் போய்விட்டது, ஊர் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டது, ஆகவே ஒளிரும். டப்பா அதேதான், அடியில் காற்றும் அதேதான். பழைய பாட்டுகளில் ஒரு நோய் வரும். காதலன் பிரிந்து போனால் பெண்ணுக்கு மேனி வெளுக்கும். பசலை என்று பெயர். மாந்தளிர் போலிருந்த என் கறுப்பழகு போயிற்றே, வெளுத்துவிட்டேனே என்று தோழியிடம் அழுவாள். வெளுப்பதற்கு அழுத சாதி இது. கறுப்புக்கு மாமை என்று தனியாக ஒரு சொல்லே வைத்து, அதைப் பெண்ணின் செல்வம் என்று பாடிய சாதி. இரண்டாயிரம் வருஷம் கழித்து அதே நோயைக் காசு கொடுத்து வாங்கத் தில்லைநகர் பதினோராம் குறுக்குத் தெருவில் மாடி ஏறி வரிசையில் நிற்கிறது. இதை அவர் ஒருமுறை வீட்டில் சொன்னார். மங்கை, அவர் மனைவி, தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, “அந்தப் பாட்டை ஜாதகத்தோட சேத்துக் கரூருக்கு அனுப்பிப் பாருங்க, என்ன சொல்றாங்கன்னு பாப்போம்” என்றாள். அதோடு சரி.

உச்சந்தலையில் எரிந்தது. ஊறலா, எரிச்சலா? போன தடவை இப்படி எரியவில்லை. எரிந்தால் கூப்பிடச் சொன்னானா, எரியும் என்று சொன்னானா? டீக்கடையில் ஜான்சன் பஜ்ஜியும் தின்பான், அவன் வருவதற்குள் மண்டை வெந்துவிடும். வேகட்டும். பன்னிரண்டு வருஷமாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை இதைத் தடவிக்கொண்டுதான் இருக்கிறார், இதுவரை வேகவில்லை. இதைத் தொடங்கி வைத்தது ஒரு மீன்காரம்மாள். புத்தூர் மீன் சந்தையில் தராசுத் தட்டின் அடியில் ஒட்டியிருந்த காந்தத்தை இவர் குனிந்து தேடிக்கொண்டிருந்தபோது, “பெரியவரே, கண்ணு தெரியுதா? கண்ணாடி போட்டுட்டு வாங்க, மீனு எங்கேயும் ஓடிப் போவாது” என்றாள். சந்தையே சிரித்தது. கூட வந்த உதவியாளரும் சிரித்தார், சிரித்துவிட்டு இருமினார். அப்போது வயது நாற்பத்தைந்து. காந்தத்தை எடுத்தார், தராசைப் பறிமுதல் செய்தார், ரசீது எழுதினார், நேரே மருந்துக் கடைக்குப் போய் நாற்பது ரூபாய்க்கு ஒரு பாக்கெட் சாயம் வாங்கினார். மீன்காரம்மாளுக்குப் பயந்தவன் என்று கல்லறையில் எழுதலாம். அன்றிலிருந்து இந்தத் தலை பொய் சொல்கிறது. இது என்ன பொய், ஊரே சொல்கிற பொய், இதனால் யாருக்கு நஷ்டம். பொட்டலச் சட்டத்திலேயே அதற்கு இடமுண்டு: அனுமதிக்கப்பட்ட பிழை. நூறு கிராம் பொட்டலத்தில் நாலரை கிராம் முன்பின் இருந்தால் கண்டுகொள்ளக்கூடாது. மனுஷன் செய்கிற பொருள், துல்லியமாகவா இருக்கும்? கருணையுள்ள விதி. அந்த விதியை அவர் எவ்வளவோ பேருக்கு விளக்கியிருக்கிறார். தனக்கும் விளக்கிக்கொண்டார். எப்போது? ஸ்டூடியோவில். இல்லை, ஸ்டூடியோவைப் பற்றி இப்போது வேண்டாம். மெர்லின் கேட்டால் என்ன சொல்வது, அதுதான் இப்போது. ‘உன் இஷ்டம்மா’ என்று சொல்லிவிடலாம். அது யோக்கியமான பதில் மாதிரி தெரியும். அவள் தன் நிறத்தில் மேடை ஏறுவாள். விசாலாட்சி அம்மாள் மேடைக்குக் கீழே நின்று இவரைப் பார்ப்பார். “என்னங்கண்ணா, நீங்கதானே சரின்னீங்க” என்பார். எழிலி காதில் விழும்படி சொல்வார். அந்த அம்மாளுக்கு எதையும் யார் காதிலும் விழாதபடி சொல்லத் தெரியாது.

“தலையை ஆட்டாதம்மா.” மெர்லினின் குரல். எழிலி பதிலுக்குத் தொடங்கினாள். “சந்தையில மாட்டுக்கும் இதேதான் பண்ணுவாங்கக்கா. கொம்பைச் சீவி, எண்ணெய் தடவி, கழுத்துல சலங்கை கட்டி நிறுத்துவாங்க. தரகர் துண்டைப் போட்டு மூடிக்கிட்டு உள்ள விரலைப் பிடிச்சு வெலை பேசுவாரு. மாட்டுக்கு மட்டும்தான் என்ன வெலைன்னு தெரியாது.” “அய்ய, மாட்டோட போய் ஒப்பிடற. கல்யாணப் பொண்ணு பேசற பேச்சா இது?” “மாடு பரவால்லக்கா. வாங்கறவன் பல்லைப் புடிச்சுப் பாப்பான், மடியைப் பாப்பான், நடக்க விட்டுப் பாப்பான். வெள்ளையா இருக்கான்னு பாத்து எவனும் வாங்கினதில்ல.” மெர்லின் விழுந்து விழுந்து சிரித்தாள். வைத்தியலிங்கத்துக்கும் சிரிப்பு வந்தது. துண்டுக்குள் விரலைப் பிடித்தவர் யார்? தரகரா? தரகுக்கு வேறு ஆள் வைக்கவில்லையே. எழிலி இவருக்கு முன்னால் எப்போதும் இப்படித்தான் பேசுவாள். வாயைத் திறந்தால் கொம்பு. இரண்டு வரன் தட்டிப்போனபோதும் இப்படித்தான். முதல் வீட்டார் ஃபோனில், “பொண்ணு நல்ல பொண்ணு, ஆனா கொஞ்சம் நெறம்…” என்று இழுத்தார்கள். இவர் அவளிடம் ஜாதகம் பொருந்தவில்லை என்றார். இரண்டாவது வீட்டார் இழுக்கவுமில்லை, ஃபோனை எடுக்கவுமில்லை. அப்போதும் ஜாதகம் என்றார். “செவ்வாய்க்கும் சனிக்கும் எம்மேல அப்படி என்னப்பா கோபம்? ஊசி போட்டேனா அதுங்களுக்கு?” என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு கன்று ஈனும் கேஸுக்குப் போய்விட்டாள். அவளுக்கு வலிக்கக்கூடாது என்றுதான் ஜாதகத்தின்மேல் போட்டார். கிரகங்கள் எதையும் தாங்கும். பெண்ணுக்கு வலிக்கக்கூடாது என்று தகப்பன் சொல்கிற பொய் எந்தச் சட்டத்தில் வரும்? அது அனுமதிக்கப்பட்ட பிழைதானே. அதே கணக்கில்தானே ஸ்டூடியோவும். சரி, ஸ்டூடியோ. வந்துதான் தீருவேன் என்கிறது, வரட்டும்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில், அமலன் என்று பெயர் கொண்ட ஒரு மெலிந்த மனிதரின் ஸ்டூடியோ. எட்டு மாதத்துக்கு முன்பு. எழிலி படம் எடுத்துக்கொண்டு வேலைக்கு ஓடிவிட்டாள். இவர் மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் அமலன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். படத்தில் எழிலி சிரித்தாள். நல்ல சிரிப்பு. நல்ல படம். தளிர் நிறம், இவருடைய அம்மாவின் நிறம், இவருடைய நிறமும்தான். அமலன் கேட்டார்: “சார், கல்யாணத்துக்குங்களா? கலரைக் கொஞ்சம் தூக்கவா?” இவர் உடனே சரி என்று சொல்லவில்லை. அதை நினைவில் வைத்திருக்கிறார், அதைப் பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறார், தனக்குச் சாதகமான ஒரே சாட்சி அதுதான். மின்விசிறியைப் பார்த்தார். இரண்டு வீட்டாரும் மனசில் வந்து போனார்கள். பிறகு, “எல்லாரும் செய்றதுதானே? கொஞ்சம் தூக்குங்க” என்றார். “கொஞ்சம்னா எவ்வளவுங்க சார்?” என்றார் அமலன். திரையில் ஒரு கோடு, கோட்டில் ஒரு புள்ளி, அமலனின் விரல் அதன்மேல். கொஞ்சம் என்றால் எவ்வளவு! வாழ்நாள் முழுக்க மற்றவர்களை இவர் கேட்ட கேள்வி அது. ‘கொஞ்சம் கூடக்குறைய இருக்கும் சார்’ என்று சொன்ன ஒவ்வொரு கடைக்காரனிடமும், ‘கொஞ்சம்னா எவ்வளவு, கிராம்ல சொல்லு’ என்று கேட்டவர். அன்றைக்குக் கையை மட்டும் ஆட்டினார், போ, போ, இன்னும் கொஞ்சம், போதும். புள்ளி நகர்ந்தது. எழிலி வெளுத்தாள். மூக்கோரம் நிழல் போயிற்று, தாடை மெலிந்தது, அதுவாகவே மெலிந்ததா, அமலன் மெலியவைத்தாரா. திரையில் இருந்தது யாரோ ஒரு தூரத்துச் சொந்தம். பணம் கொடுத்தார், ரசீது வாங்கினார். ரசீதில்லாமல் எதையும் வாங்கமாட்டார். அதுவல்ல, அது போகட்டும். அதற்குப் பிறகு நடந்ததுதான். எழிலி வரன் தேடும் வலைத்தளத்தில் படத்தைப் பார்த்துவிட்டு, “யாருப்பா இது?” என்று கேட்டாள். அந்த இடத்தில் ஒரு வாய்ப்பு இருந்தது. இவர் சொன்னார்: “ஸ்டூடியோக்காரன் வேலை. நான் கவனிக்கலம்மா.” எவ்வளவு சுலபம். அவள் இவர் பெண்ணல்லவா, சும்மா இருப்பாளா? மறுநாளே வண்டியில் இவரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு அங்கே போனாள். இரண்டு வாடிக்கையாளர்கள் முன்னால் அமலனை நிறுத்தி வைத்துக் கேட்டாள். “உங்களை யாருங்க மாத்தச் சொன்னது? கேக்காம ஒரு மனுஷியோட மூஞ்சியை மாத்துவீங்களா? படிச்ச ஆளுதானே நீங்க?” அமலன் அவளைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். ஒரு விநாடி, அவ்வளவுதான். இவர் சுவரில் மாட்டியிருந்த ஒரு குழந்தைப் படத்தைப் பார்த்தார். “ஸாரிம்மா. எம்மேலதான் தப்பு” என்றார் அமலன். தராசுக்காரன், சட்டம் படித்தவன், முப்பத்தோரு வருஷம் பொய்யைப் பிடித்தவன், தன் பொய்யை இன்னொருவன் தலையில் ஏற்றிவிட்டுக் குழந்தைப் படம் பார்த்தான். அமலனுக்கு அன்று என்ன தேவை, வாயைத் திறந்திருக்கலாமே. திறக்கவில்லை. அந்த மரியாதையைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. திட்டியிருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும். இப்போது சத்திரம் பக்கம் போனால் எதிர்ச் சாரியில் நடக்கிறார். வலைத்தளத்தில் படத்தை மாற்றியாயிற்று, ஆனால் அதற்குள் பழையது கரூர் போய்ச் சேர்ந்திருந்தது.

எரிச்சல் காதுக்குப் பின்னால் இறங்கியது. கண்ணாடியில் இருக்கும் ஆளைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் வந்தது. டப்பாக்காரனைத் திட்டினாய், கரூர் அம்மாளைத் திட்டினாய், நானூறு சொந்தக்காரர்களைத் திட்டினாய், இரண்டாயிரம் வருஷத்தைக் கூட்டி வந்து சாட்சிக்கூண்டில் ஏற்றினாய். புள்ளியை நகர்த்தச் சொன்ன கை யாருடையது? துணிக்கு அடியில் அந்தக் கை மடியில் கிடந்தது. உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? சொல்லலாம். மண்டபம், பத்திரிகை, சமையல், எல்லாம் ஆயிற்று. பெண்ணுக்கு இருபத்தெட்டு. கல்யாணம் நின்றால் மங்கை படுத்துவிடுவாள். ஊர் காரணம் கேட்கும், இவர் ஜாதகம் என்று சொல்வார். மறுபடி ஜாதகம்! இன்னொரு வழியும் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு ‘ஃபோட்டோ மாதிரி போடுங்கம்மா, ஒருநாள் கூத்துதானே’ என்று சொல்லலாம். அவள் சிரிப்பு நிற்கும். ஒன்றும் சொல்லமாட்டாள், அப்பா சொன்னால் கேட்பாள், போட்டுக்கொள்வாள். அதற்குப் பிறகு ஒரு கிராம் கூட விட்டுக்கொடுக்காத மனுஷன் என்று இவரை யாரிடமும் சொல்லமாட்டாள். அதுதான் பயம். கல்யாணம் நிற்பதைப் பற்றிய பயம் அல்ல. அந்தச் சிரிப்பு நிற்பதைப் பற்றிய பயம். ஐம்பத்தேழு வயதில் ஒரு மனுஷனுக்கு மிஞ்சுகிற சொத்து, தன்னைப் பற்றி மகள் வைத்திருக்கிற தப்பான அபிப்பிராயம். அதையும் அவளே எடைபோட்டுத் தெரிந்துகொண்டுவிட்டால்…

“எந்திரிங்க சார், ஆயிடுச்சு.” ஜான்சன் தலையைக் குனிய வைத்துக் கழுவினான், துவட்டினான், பின்னால் கண்ணாடி பிடித்துக் காட்டினான். “பத்து வயசு கொறைஞ்சிடுச்சு சார்.” வைத்தியலிங்கம் அவனைப் பார்த்த பார்வையில் அவன் கண்ணாடியை இறக்கிவிட்டான். தடுப்பைச் சுற்றி நடந்தார். எழிலி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மூக்கின் நடுவிலிருந்து கோடு போட்டதுபோல் முகம் இரண்டாகப் பிரிந்திருந்தது. இடது கன்னம் அவளுடையது. வலது கன்னம் அந்தத் தூரத்துச் சொந்தத்தினுடையது.

“பாத்துச் சொல்லுங்க சார்,” என்றாள் மெர்லின். “இதுவா, அதுவா?”

“சொல்லுங்கப்பா, அக்கா நம்ப மாட்டேங்கறாங்க,” என்றாள் எழிலி, பாதி முகத்தோடு சிரித்துக்கொண்டு.

“அந்தப் படத்தை வெளுக்கச் சொன்னது நான்தான்,” என்றார்.

“எந்தப் படத்தை?”

“ஸ்டூடியோவுல. அமலன் அவராச் செய்யல. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு பக்கத்துல உக்காந்து செய்யச் சொன்னேன். அதே மாதிரி மேடையில இருக்கணும்னு கரூர்ல கேட்டப்பவும் சரின்னுட்டேன். உன்கிட்ட சொல்லல.”

மெர்லின் பிரஷ்ஷைத் துடைக்க ஆரம்பித்தாள், சுத்தமான பிரஷ்ஷை. எழிலி கண்ணாடி வழியாகவே அவரைப் பார்த்தாள், திரும்பவில்லை.

“அந்த மனுஷனை நடுக்கடையில நிக்க வச்சுக் கத்தினேன்.”

“ஆமா.”

“நீங்க பக்கத்துலதான் நின்னீங்க.”

“நின்னேன்.”

“அப்ப அந்த ஜாதகம்?”

“அதுவும் ஜாதகம் இல்லம்மா.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், ஏதோ ஒரு கூட்டலைச் சரிபார்த்துவிட்டவள்போல. பிறகு குரல் மாறியது, வியாதி மாட்டின் சொந்தக்காரனிடம் பேசுகிற குரல். “அக்கா, இந்தப் பக்கமும் வெள்ளையாப் போட்டுடுங்க. லேபிள்ல போட்டபடி சரக்கு இருக்கணும்ல? சாருக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் மூணு வருஷம்தான். பேரு கெட்டுடப் போவுது.”

“வேணாம்மா,” என்றாள் மெர்லின்.

“போடுங்கங்கறேன்.”

வைத்தியலிங்கம் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார். விரல் ஈரமாயிருந்தது, இரண்டு தடவை தப்பான இடத்தில் அழுத்தியது. மூன்றாவதில் விசாலாட்சி அம்மாள் வந்தார். பின்னால் கடை இரைச்சல். “சொல்லுங்கண்ணா, சேலைக் கடையில நிக்கறேன்.”

“அம்மா, அந்த ஃபோட்டோ சரியில்ல. நான் வெளுக்கச் சொல்லி வாங்கினது. எம்பொண்ணு நிறம் அது இல்ல.”

“அட, எங்களுக்குத் தெரியாதுங்களா? நேர்லதான் வந்து பாத்தோமே. அதுக்குத்தானே மேக்கப்பு.” அவர் சிரித்தார். “இதுக்கா இப்படிப் பதறிக்கிட்டுக் கூப்பிட்டீங்க?”

தெரியும். எல்லோருக்கும் தெரியும். பொய் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொய்யை எல்லோரும் சேர்ந்து சுமந்துகொண்டு மேடைவரை போகத் தயாராயிருக்கிறார்கள், சுமக்கிற முகம் மட்டும் இவளுடையது. “மேடையில அவ நிறத்துலதான் நிப்பா,” என்றார். குரல் தேவைக்குமேல் உயர்ந்துவிட்டது. ஜான்சன் எட்டிப் பார்த்தான்.

“என்னங்கண்ணா இப்படிப் பேசறீங்க? சனமெல்லாம் அந்தப் படத்தைப் பாத்திருக்குது. ஃப்ளெக்ஸ் அடிக்கக் குடுத்தாச்சுங்க, பதினெட்டடி! வாசல்ல ஒருத்தி, மேடையில ஒருத்தின்னு நிக்கவா? எங்களுக்கும் ஒரு மரியாதை இருக்குதல்ல?” கடைக்காரரிடம் எதையோ எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஃபோனுக்கு வந்தார். “நிரஞ்சன்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்.” வைத்துவிட்டார்.

“என்னவாம்?” என்றாள் எழிலி.

“பையன்கிட்ட பேசிட்டுச் சொல்றாங்களாம்.”

“அவங்க எதுக்குப் பேசணும்?” நாற்காலியிலிருந்து இறங்கினாள். கழுத்துத் துணியை அவிழ்க்கவில்லை. பையிலிருந்து தன் ஃபோனை எடுத்துக்கொண்டாள். “நான் பேசறேன். வீடியோவுல.”

“இப்படியேவா?” என்றாள் மெர்லின். “மூஞ்சி ரெண்டு கலர்ல இருக்கும்மா.”

“இப்படியேதான்.” அப்பாவைக் கடந்து போகும்போது அவள் நிற்கவில்லை, தோளும் உரசாமல் ஒதுங்கிப் போனாள். மாடிப்படிக் கதவு அவளுக்குப் பின்னால் அறைந்து சாத்திக்கொண்டது.

மெர்லின் கையில் பிரஷ்ஷோடு நின்றாள். பன்னிரண்டரைக்கு வரவேண்டிய அடுத்த வாடிக்கையாளரை நினைத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். “சார், கோவிச்சுக்காதீங்க,” என்றாள் தணிந்த குரலில். “அவங்க திரும்பி வந்தா நான் எந்தப் பக்கத்தை வச்சுக்கட்டும்? நீங்களாவது சொல்லிடுங்க.”

“அவ வந்து சொல்லுவா.”

கதவுக்கு அப்பால் ஃபோன் மணி நான்கு முறை போனது, மறுமுனையில் எடுத்தார்கள். பிறகு எழிலியின் குரல் கேட்டது, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. “நிரஞ்சன், இங்க வெளிச்சம் நல்லா இருக்கு. என்னைச் சரியாப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க.”